‘ஒறிஜினல்’ எஞ்சின் எது? மொறிஸ் மைனரின் கதையும் எங்கள் பக்கத்துக் கதையும்

 

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலடியில் எத்தனை வகை வாகனம் வந்து நிற்கும் என்று நம்மூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. லான்ட் மாஸ்டர், பெட்டி பூட்டிய ட்ரக்டர், பஸ், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வாடகைக்குப் பிடித்த வான். அவற்றுக்கு நடுவில் ஒரு பழைய மொறிஸ் மைனர் நின்றால் பெடியள் அதைத்தான் சுற்றி நிற்பார்கள். பொனற்றைத் திறந்தால் யாராவது ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்: “ஒறிஜினல் எஞ்சின் இல்லை. நிசான் ஏத்தியிருக்கு.”

அந்தப் பிதுக்கலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு ‘ஒறிஜினல்’ என்ற சொல்லைக் கேட்டால் சும்மா இருக்க முடியாது. எந்த ஆண்டில் இருந்ததை ஒறிஜினல் என்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். இந்தக் காரிடம் அதைக் கேட்டால் பதில் நல்ல வேடிக்கை.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பெயரைப் பார்த்தாலே இங்கிலாந்துக்காரர் இல்லை என்று தெரியும். 1906இல் ஸ்மேர்னாவில் பிறந்தவர். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம் அது. தகப்பன் கிரேக்க வம்சத்தவர், ஆனால் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். கடல் எஞ்சின் வேலைத்தலம் வைத்திருந்தார். 1922 செப்டெம்பரில் ஸ்மேர்னா எரிந்தபோது பிரித்தானியக் கடற்படைக் கப்பல் அந்தக் குடும்பத்தை ஏற்றி மோல்ட்டாவில் இறக்கியது. வேலைத்தலம், வீடு, ஊர் எல்லாம் பின்னுக்கு நின்றுவிட்டன. தகப்பன் மோல்ட்டாவிலேயே இறந்துபோனார். தாயும் மகனும்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். பொடியனுக்கு அப்போது 16 வயது. பிறகு பொறியியல் படிக்கப் போனவர் கணிதப் பரீட்சையில் மூன்று தரம் கோட்டைவிட்டார். (எங்கள் வகுப்புப் பிள்ளைகளே, இதை உங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வரைதலில் கெட்டிக்காரர், அதைவிட உழைப்பாளி.)

அந்த அகதிப் பொடியன் வரைந்த கார் 1948இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கே அது பிடிக்கவில்லை. அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று பழித்தார். கடைசி நேரத்தில் இஸிகோனிஸுக்கும் ஒரு சந்தேகம் வந்தது, கார் ஒடுக்கமாக இருக்கிறதே என்று. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் விலக்கியதும் “இதுதான்” என்றார். பொனற்றின் நடுவில் நெடுக ஓடும் அந்த மட்டமான பட்டி அப்படி வந்ததுதான். முன்கூட்டியே செய்து வைத்த பம்பர்களை வெட்டி, நடுவில் துண்டு வைத்துப் பூட்டித்தான் முதல் கார்கள் வெளியே போயின. அதாவது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வெட்டி ஒட்டிய கார் அது.

எஞ்சினுக்கு வருவோம். இஸிகோனிஸ் நினைத்தது தட்டையாகப் படுத்திருக்கும் நாலு சிலிண்டர் எஞ்சின், பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர். அதற்கு அகலம் வேண்டுமென்று பொனற்றுக்குக் கீழே தாராளமாக இடம் விட்டார். அந்த எஞ்சின் பரிசோதனையோடு கைவிடப்பட்டது. செலவைப் பார்த்த கம்பனி, போருக்கு முந்திய மொறிஸ் எயிட் காரின் 918 சிசி எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தது. புதுக் காருக்குப் பழைய எஞ்சின்! நாலு ஆண்டு கழித்து மொறிஸும் ஒஸ்டினும் ஒரே கம்பனியாக இணைந்தன. நேற்றுவரை எதிரியாக இருந்த ஒஸ்டினின் 803 சிசி எஞ்சின் 1952இல் மைனருக்குள் ஏறியது. 1956இல் 948 சிசி. 1962இல் 1098 சிசி. 1971இல் கடைசி வண்டி வெளிவரும் மட்டும் 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். இப்போது சொல்லுங்கள், இந்தக் காருக்கு ஒறிஜினல் எஞ்சின் எது? வடிவமைத்தவர் மனதில் இருந்ததா? அது ஒரு காரிலும் விற்கப்படவில்லை. முதலில் வைத்ததா? அது பழைய கார் ஒன்றிலிருந்து வந்த எஞ்சின்.

அந்தப் படுத்த எஞ்சினுக்காக விட்ட இடம் மட்டும் அப்படியே வெறுமையாய் இருந்தது. உலகம் முழுக்க மைனருக்கு வேறு எஞ்சின் ஏற்றுகிறவர்களுக்குக் கிடைத்த வசதி அதுதான். இங்கிலாந்தில் வேகப் பிரியர்கள் அதற்குள் இத்தாலியின் பியட் ‘ட்வின் காம்’ எஞ்சினை இறக்கினார்கள். அந்த எஞ்சினைச் செய்த அவுரெலியோ லம்பிரெடி முன்பு பெராரியில் இருந்தவர். 1952, 1953 ஆண்டுகளில் அஸ்காரி உலகப் பட்டம் வென்ற காரின் எஞ்சின் அவருடையது. ஸ்மேர்னா அகதியின் காருக்குள் பெராரிக்காரரின் எஞ்சின். கோயிலடியில் நிற்கும் காருக்குள் நிசான் இருப்பதற்கு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

நிசானுக்கு வருவோம். இலங்கையில் மைனர் வைத்திருப்பவர்கள் அதிகம் நாடியது பழைய நிசான் சன்னிகளில் வந்த ஏ வகை எஞ்சின்களைத்தான்: ஏ-12, ஏ-14. மலிவாகக் கிடைத்தது, சாமான் கிடைத்தது, பொருந்தியது என்று காரணம் சொல்வார்கள். பொருந்தியதற்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு.

போரில் தோற்ற ஜப்பானில் நிசானுக்கு நல்ல கார் செய்யத் தெரியவில்லை. 1952 டிசெம்பரில் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்தார்கள். முதலில் ஏ-40 சொமசெற் காரைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு ஏ-50 கேம்பிரிட்ஜை உள்ளூரிலேயே செய்யப் பழகினார்கள். யாழ்ப்பாணத்து வாடகைக் கார் தரிப்பிடங்களில் நம் மூத்தவர்கள் பார்த்த சொமசெற், கேம்பிரிட்ஜ் வண்டிகளின் குடும்பமேதான். கேம்பிரிட்ஜின் 1489 சிசி எஞ்சின் நிசானுடைய சின்னக் காருக்குப் பெரிது. டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்க ஆலோசகர் ஒரு யோசனை சொன்னார்: புது எஞ்சின் வேண்டாம், இதிலேயே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை மட்டும் குறையுங்கள். 89 மில்லிமீற்றரை 59 ஆக்கினார்கள். 988 சிசி எஞ்சின் கிடைத்தது. 1957இல் வந்த டட்சன் 210இல் அது ஓடியது. 1966இல் முதல் சன்னிக்காக நிசான் முற்றிலும் புதிதாக ஏ-10 எஞ்சினைச் செய்தது. அதற்கு அலுமினியத் தலை, எடையும் குறைவு. ஆனால் சிலிண்டர் விட்டம் அதே 73 மில்லிமீற்றர். பிறகு வந்த ஏ-12உம் 73 தான். கேம்பிரிட்ஜும் 73 தான்.

ஒஸ்டினிடம் தொழில் பழகியவனின் எஞ்சின்தான் ஒஸ்டின் எஞ்சின் எடுத்த மொறிஸுக்குள் போய் இருக்கிறது. அந்நியன் என்று யாரைச் சொல்வது? பேரன் வீட்டுக்கு வந்த மாதிரி என்றும் சொல்லலாம்.

அதே ஏ-12 இந்தியாவில் இத்தாலிக் கார் ஒன்றுக்குள்ளும் போனது. பம்பாய் பிரீமியர் கம்பனி பியட் 1100ஐப் ‘பத்மினி’ என்ற பெயரில் செய்துகொண்டிருந்ததைத் தமிழ்ப் படம் பார்த்தவர்கள் அறிவார்கள். 1985இல் அவர்கள் பியட் 124இன் உடலை எடுத்து, அதற்குள் நிசான் எஞ்சினை வைத்து ‘118 என்இ’ என்று விற்றார்கள். என்இ என்றால் நிசான் எஞ்சின், பெயரிலேயே ஒளிவுமறைவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பனி நேர்மாறாகச் செய்தது. இங்கிலாந்தின் றோவர் காரின் அழகான புது உடலை எடுத்து, அதற்குள் 1940களின் வான்கார்ட் எஞ்சின் பரம்பரையில் வந்த ஒன்றை வைத்து ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்றார்கள். விலையோ பெரிய விலை. சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. எஞ்சினை மாற்றுவது எப்போதும் கெட்டித்தனம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. ஆனால் பாருங்கள், அதே வான்கார்ட் எஞ்சின்தான் பெர்குசன் ட்ரக்டரில் வயல் உழுதது. அதே குடும்ப எஞ்சின்தான் 1953இல் டிரையம்ப் டிஆர்-2 என்ற பந்தயக் காரில் சீறியது. ஓர் எஞ்சின் எந்த உடலுக்குள் போகிறதோ அதற்குத் தக்க மாதிரித்தான் அதன் பெயரும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். எங்கள் தலைமுறை புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தது. அதற்குப் பிறகு இங்கே நடந்ததை நாங்கள் கண்ணால் காணவில்லை. திரும்பி வந்த பிறகு தமிழ் அயலவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். கராஜ் வாசலில் ஆறிப்போன பிளேன் ரீயோடு கேட்ட கதைகள் அவை. அவர்களோடு இருந்து அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் போல எழுதினால் அது பொய்யாகிவிடும். கேட்டதையும் எஞ்சின் இயங்கும் முறையையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

1990இலிருந்து வடக்குக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, பசளை என்று ஒரு நீண்ட பட்டியலுக்குத் தடை. 2002 சனவரியில்தான் அது பெருமளவு நீங்கியது. இடையில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினால் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. பெற்றோல் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கவே 150 பாகைக்கு மேல் வேண்டும். அதனால் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொன் போல வைத்திருந்து, அதை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தினால் மறுபடி பெற்றோல் செலவு. இது இங்கே மட்டும் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1949இல் வந்த பெர்குசன் ட்ரக்டர் ஒன்று பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் உழுவதற்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. கம்பனி செய்ததை வன்னி மெக்கானிக்மார் படமும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் செய்தார்கள்.

இதில் எங்களை யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் புது எஞ்சினுக்கு மதிப்பில்லை. பழைய ஒஸ்டின் எஞ்சின் கலவையை ஏறக்குறைய 7 மடங்குதான் நசுக்கும். சன்னியின் ஏ-12 நசுக்குவது 9 மடங்கு. நல்ல பெற்றோலுக்கு 9 மடங்கு சிறப்பு. சிக்கனம், இழுவை இரண்டும் கிடைக்கும். மண்ணெண்ணெய்க்கோ அதுவே எமன். நேரத்துக்கு முன் பற்றி, ‘டக் டக்’ என்று சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டு, பிஸ்டனைக் காவுகொள்ளும். கிழட்டு ஒஸ்டின் அதைத் தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், புகை கண்ணைக் கரிக்கும், என்றாலும் ஓடும். நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடும். 1992இலோ 1996இலோ இந்த மண்ணில் நின்று “எது நல்ல எஞ்சின்?” என்று கேட்டிருந்தால் விடை 1950களின் எஞ்சின்தான். எஞ்சின் மாற்றம் என்றாலே பழையது கழிந்து புதியது வருவது என்று நாம் நினைக்கிறோம். வன்னியில் எரிபொருள்தான் அதைத் தீர்மானித்தது.

2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் வந்ததும் கணக்குத் தலைகீழானது. சாமான் கிடைக்காத பழைய எஞ்சின் சுமையாகிவிட்டது. 2006இல் பாதை மறுபடி மூடிக்கொண்டது. பிறகு நடந்ததை இந்த ஊருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2009 மே வரை மனிதர்களும் வாகனங்களும் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நிலத்துக்குள் தள்ளப்பட்டார்கள். எரிந்து கறள் பிடித்த வண்டிகள் முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்ததைத் திரும்பி வந்த எல்லோரும் பார்த்தோம். அவற்றில் பெரும்பகுதி இரும்பாகப் போய்விட்டது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவுப் புத்தகத்தை உறையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அந்தப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் ஒன்று, செசி இலக்கம் ஒன்று. எஞ்சின் கழன்று போயிருக்கலாம், எரிந்திருக்கலாம். தகட்டில் அடித்த செசி இலக்கம் கண்ணில் பட்டால் அது அவர்கள் வண்டி.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து கியூஆர் முறை தொடங்கியபோதும் கேட்டது வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும்தான். உள்ளே சன்னி எஞ்சின் இருக்கிறதா என்று அந்தத் திரை கேட்கவில்லை. அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, பழைய வித்தையும் இனிக் கைகொடுக்காது என்று கராஜில் ஒருவர் சிரித்தார். மீன்பிடிக்காரருக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் எஞ்சின் மாற்றுவது பலருக்குப் பொழுதுபோக்காக இல்லாமல் தேவையாகவே ஆனது. செய்ய நினைப்பவர்களுக்கு, கேட்டறிந்த இரண்டு மூன்று விடயம். மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும், நிசானில் எதிர்முனை. அதைக் கவனிக்காமல் இணைத்தால் அல்டர்நேட்டர் போய்விடும். நிசானின் கியர் பொக்ஸையும் சேர்த்தே ஏற்றுங்கள். பழைய மைனர் பொக்ஸில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை, புது எஞ்சினின் இழுவையையும் அது கனநாள் தாங்காது. அப்படி ஏற்றினால் பின்னுக்குப் போகும் ஷாஃப்ட்டின் நீளத்தை லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டி வரும்.

எல்லாவற்றுக்கும் முதல் பிரேக். 37 குதிரைவலுக் காருக்குச் செய்த 7 அங்குல ட்ரம் பிரேக்கை வைத்துக்கொண்டு அதைவிட வலுவான எஞ்சினில் முல்லைத்தீவு வீதியில் மாடுகளுக்கு நடுவே பறப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எஞ்சினுக்குச் செலவழிக்கிறவர்கள் பிரேக்குக்கு அழுவது எங்களுக்கு விளங்கவே இல்லை. கம்பனியே 1098 சிசி எஞ்சினை வைத்தபோது முன் பிரேக்கை 8 அங்குலமாக்கியது. அவர்களுக்கு இல்லாத துணிவு நமக்கு எதற்கு? மாற்றிய எஞ்சினின் இலக்கத்தைத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு விற்கும்போதோ விபத்து நடந்தாலோ அந்தத் தாள் வேண்டும்.

இப்போது பழைய கார் பிரியர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். நல்லது, வண்டி இரும்புக் கடைக்குப் போகாமல் தப்புகிறது. ஆனால் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, ஏற்றிய எஞ்சினைக் கழற்றிப் புத்தகத்தில் உள்ளபடி ‘ஒறிஜினல்’ ஒன்றைத் தேடிப் பூட்டுவது. மெக்கானிக் வெட்டி ஒட்டிய மவுண்டிங்கை அறுத்துவிடுவார்கள். மண்ணெண்ணெய்க்கென்று துளைத்த குழாயைப் பிடுங்கி எறிவார்கள். கார் பளபளக்கும், 1958இல் கடையில் நின்ற மாதிரி. 1990இலிருந்து 2009 வரை அந்தக் கார் எப்படி ஓடியது என்பதற்கு அதில் இருந்த ஒரே அத்தாட்சி குப்பைக்குள் போயிருக்கும். அந்த வேலையைச் செய்த கைகளைப் பற்றி ஒரு புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. அவர்களில் பலர் இன்று உயிரோடும் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை: இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர் 1990களில் மைனருக்கான உதிரிப் பாகங்களை இலங்கையில் செய்விக்கத் தொடங்கினார். அங்கே ‘ஒறிஜினல் மாதிரி’ என்று பூட்டும் தகடுகளில் சில நம் நாட்டுத் தெற்கில் தட்டியவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் உங்கள் வீட்டில் பழைய வாகனப் பதிவுப் புத்தகம், கராஜ் பற்றுச்சீட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றிய காபரேட்டர், வண்டியோடு நின்று எடுத்த படம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து எறிய வேண்டாம். போனில் படம் பிடித்து எங்களுக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். புத்தகத்தின் இலக்கங்கள், பெயர் உள்ள இடத்தை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். தடைக் காலத்தில் வண்டி திருத்திய ஐயாமார் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள், பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். எந்தக் குழாயை எங்கே துளைத்தார்கள், எந்த எஞ்சினை எந்த வண்டிக்கு ஏற்றினார்கள் என்று அவர்கள் வாயாலேயே எழுதி எடுக்க வேண்டும். நோன்புக்கு முன் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.